நாற்பது முயல்கள் தின்னாத பாத்தி

அன்பு மகனுக்கு,

டென்மார்க்கின் யூட்லண்ட் பகுதியில் நான்கு எல்லைக்குள்ளும் புல் பிடுங்குவதில் நிகரற்றவனும், மூன்று நிமிடத்தில் முடியக்கூடிய எந்தச் செய்தியையும் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாமல் சொல்லக்கூடியவனும், விபோர்க் நகரின் எல்லா நடைபாதைகளிலும் பனியில் வழுக்கி விழுந்து தன் பெயரைப் பொறித்தவனுமாகிய உன் தகப்பன் எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம். இதை எழுதும்போது அம்மா கதிரைக்குப் பின்னால் நின்று, நான் எங்காவது கூட்டி எழுதுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மேலே உள்ள வரியைக் கண்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். அந்தக் காற்றில் மேசை விரிப்பே எழும்பியது.

இந்த நாட்டுக் கலியாணங்களில் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி, கரண்டியால் குவளையில் தட்டி, சபை அமைதியானதும் பேச வேண்டும். இப்படி ஒரு வழக்கத்தை எனக்காகவே எவரோ உண்டாக்கிவைத்திருக்கிறார்கள் என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். போன கிழமை நீ தொலைபேசியில், “அப்பா, மூண்டு நிமிசம். உண்மை மட்டும்” என்றாய். மூன்று நிமிடத்தைப் பொறுத்துக்கொண்டேன். உண்மை மட்டும் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏனென்றால் நான் பேச வைத்திருந்தது அந்தப் பாத்தியின் கதை. பன்னிரண்டு வருடமாக எத்தனை பிறந்தநாள் விழாக்களில், எத்தனை மண்டபங்களில் நான் அதைச் சொல்லியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் கதையில் ஒரு நேர்மையான மனிதன் வருகிறான். அவனுடைய இடத்தில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அது உன்னுடைய இடம் என்பது போன ஞாயிறு வரை உனக்கும் எனக்கும் அம்மாவுக்கும் என் முதலாளி கிர்ஸ்டனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. ஜெனிற்றாவின் கழுத்தில் நீ தாலி கட்டுவதற்கு முன் அதை உன்னிடம் திருப்பித் தர வேண்டும். பொய்யைக் கேட்டவர்கள் எல்லோரும் உண்மையையும் கேட்கவேண்டும் என்பதால், இந்தக் கடிதத்தை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சித்திரை மலருக்கும் கொடுக்கிறேன்.

அவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். இறைச்சித் தொழிற்சாலையில் என் வலது தோள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, கொம்யூன் என்ற நகரசபை அலுவலகத்தில் இருந்த பெண் என்னைப் பதின்மூன்று கிழமைப் பரீட்சார்த்த வேலைக்கு நகருக்கு வெளியே ஒரு நாற்றுப்பண்ணைக்கு அனுப்பினார். பதின்மூன்று கிழமை முடிவில் பண்ணைக்காரி விரும்பினால் நிரந்தர வேலை. விரும்பாவிட்டால் மறுபடியும் அந்த அலுவலகத்தின் காத்திருப்புக் கதிரை. அந்தக் கதிரையில் நான் ஏற்கனவே எட்டு மாதம் இருந்திருக்கிறேன். ஐம்பது வயதில், தோள் போனவனுக்கு, டெனிஷ் மொழி அரைகுறையானவனுக்கு வேறு கதவு இல்லை என்று அந்தப் பெண் நேராகச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், எனக்கு விளங்கிவிட்டது.

பண்ணைக்காரி கிர்ஸ்டன். இந்த நாட்டுக் காடுகளிலும் வேலியோரங்களிலும் தானாகப் பூக்கும் செடிகளை மட்டும் வளர்க்கிறவர். ரோசாவும் டியூலிப்பும் கேட்டு வருகிறவர்களுக்கு, பூங்கொத்து விற்கும் பெட்ரோல் நிலையத்துக்குப் போகும் வழியைக் காட்டிவிடுவார். அவருடைய உயிர், தங்க நட்சத்திரம் என்று டெனிஷில் பெயர் சொல்லும் ஒரு சின்ன மஞ்சள் பூ. கிழங்கிலிருந்து வருவது, ஏப்ரலில் மரங்கள் இலை போடுவதற்கு முன்னால் அவசரமாகப் பூத்துவிட்டு மறைந்துவிடும். கிழங்கைக் காட்டில் தோண்டி எடுத்து விற்பது அவருக்குக் களவு. அதனால் வித்திலிருந்து வளர்ப்பார். வித்துப் பழுக்கும்போது நிலத்தில் குப்புறப் படுத்திருந்து, எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பொறுக்குவார். நானும் படுத்தேன். எறும்புகளோடு நான் நடத்திய அந்தப் போரில் இரு பக்கமும் பெருஞ்சேதம்.

இனி அந்த வித்தின் சோம்பேறித்தனத்தைக் கேள். ஆனியில் விதைத்தால் அடுத்த பங்குனி வரை ஒன்றும் தெரியாது. ஒரு முழுக் குளிர்காலம் வெளியே கிடந்து விறைத்தால்தான் அதற்கு எழும்ப மனம் வரும். எழும்பினாலும் ஒரே ஓர் இலை, தையல் நூல் மாதிரி. இரண்டு மாதம் நின்றுவிட்டு மஞ்சளாகி மறைந்துவிடும். மண்ணுக்குள் கடுகளவில் ஒரு கிழங்கு. அடுத்த வருடமும் ஒரே இலை, கிழங்கு நெல்லளவு. இப்படியே ஐந்தாறு வருடம் போன பிறகுதான் பூ. நாற்றுப்பண்ணையை டெனிஷில் செடிகளின் பள்ளிக்கூடம் என்பார்கள். வருடத்தில் பத்து மாதம் வகுப்பில் தூங்கும் பிள்ளைகளை ஐந்து வருடம் வைத்திருக்கும் பள்ளிக்கூடத்தை நான் அங்கேதான் கண்டேன்.

ஆனால் இவ்வளவும் எனக்குப் பிறகு தெரிந்தவை. அந்த வைகாசியில் எனக்குத் தெரிந்தது ஒன்றே. யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செம்மண்ணில் வெங்காயப் பாத்தி பிடித்தவன் நான். எங்கள் பாத்தியில் வெங்காயத்தைத் தவிர ஒரு நாரும் நிற்காது. றோட்டால் போகிறவன் சைக்கிளை நிறுத்தி, இது ஆருடைய தோட்டம் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். களை நிற்கும் பாத்தி, சவரம் செய்யாமல் கலியாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி. பத்தாவது கிழமை கிர்ஸ்டன் நான்கு நாள் தமக்கை வீட்டுக்குப் போனார். போகும்போது பாதையோரப் புல்லை மட்டும் பிடுங்கச் சொன்னார். நான் பாதையை ஒரு காலையில் முடித்தேன். இன்னும் மூன்று நாள் இருந்தது. நிரந்தர வேலைக்கு முன்னால் என் கைவண்ணத்தைக் காட்டினால் என்ன என்று நினைத்தேன். பலகைச் சட்டம் அடித்த ஒரு நீண்ட பாத்தி கண்ணில் பட்டது. முழுவதும் மெல்லிய புல். இந்த மனுசிக்கு இவ்வளவு பெரிய பாத்தியைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லையே என்று இரக்கப்பட்டேன். குறுக்கே பலகை போட்டுக் குந்தியிருந்து, சின்னக் கத்தியை மண்ணுக்குள் விட்டு, வேரோடு, ஒன்றுகூட அறாமல் பிடுங்கினேன். மூன்று வருடமாக அவர் வளர்த்த தங்க நட்சத்திரக் குஞ்சுகளை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். வெள்ளைப் பெயர்ப்பலகை ஒன்று சரிந்து நின்றது. அதை மட்டும் துடைத்து, நேராக்கி, வெறும் மண்ணின் நடுவில் அழகாக நட்டுவைத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் அம்மாவுக்கும் உனக்கும் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கும். பாத்தி கண்ணாடி மாதிரி, கிர்ஸ்டன் குனிந்தால் முகம் தெரியும் என்றேன். திங்கட்கிழமை கிர்ஸ்டன் குனிந்தார். நிமிரவில்லை. அப்படியே முழங்காலில் இருந்து மண்ணைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், எங்கே போனது என்று. என்னுடைய அரைகுறை மொழிக்கே அது விளங்கியது. எது போனது என்பதும் அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. எனக்குக் கொம்யூனின் கதிரை தெரிந்தது. டெனிஷில் முயலுக்கு என்ன சொல் என்று அந்த நேரம் வாயில் வரவில்லை. அதனால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் காதாக வைத்துக்கொண்டு, பல்லைக் காட்டிக் கொறித்துக் காட்டினேன். ஐம்பது வயது மனிதன், மூன்று பிள்ளையார் கோயில்களுக்கு உபயகாரன், ஒரு டெனிஷ்காரிக்கு முன்னால் முயலாக நின்றேன்.

அவர் நம்பினார், தம்பி. அதுதான் கொடுமை. பக்கத்துத் தோட்டக்காரனிடம் துவக்கு இருக்கிறது, அவனைக் கூப்பிடுவேன், கம்பிவேலி அடிப்பேன் என்றெல்லாம் சைகையில் சொன்னார். எத்தனை முயல், எந்தப் பக்கத்தால் வந்தது என்று விபரம் அறிய வேண்டும், நாளைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அந்தக் காலத்தில் எங்கள் எல்லோருக்கும் பிள்ளைகள்தானே வாய். வைத்தியரிடமும் வங்கியிலும் கொம்யூனிலும் நாங்கள் தமிழில் கர்ச்சிப்போம், பக்கத்தில் நிற்கும் பிள்ளை டெனிஷில் முணுமுணுக்கும். உனக்குப் பதினெட்டு வயது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். பாடசாலை முடிந்து சைக்கிளில் நேரே பண்ணைக்கு வந்தாய்.

நான் தொடங்கினேன். ஒரு முயலோடு தொடங்கிய ஞாபகம். பேசப் பேச அவை பெருகின. நாற்பதில் நிறுத்தினேன். தலைவன் முயலுக்கு ஒரு காது கிழிந்திருந்தது. நீ கேட்டுக்கொண்டே வெறும் பாத்தியைப் பார்த்தாய், பிறகு நிமிர்ந்து நிற்கும் பெயர்ப்பலகையைப் பார்த்தாய்.

“அப்பா, வெள்ளிக்கிழமை சாப்பிடேக்க கண்ணாடி மாதிரித் துடைச்சுப் போட்டன் எண்டு சொன்னீங்கள்.”

“நீ அதை விடு. நான் சொல்றதைச் சொல்றதுதான் உன்ர வேலை.”

“இதை நான் சொல்லமாட்டன்.”

“அப்ப நான் நாளைக்கு எங்க போறது? சொல்லு பாப்பம்.”

நீ கிர்ஸ்டனிடம் திரும்பி, மெல்லிய குரலில் டெனிஷில் ஏதோ சொன்னாய். மிகவும் சுருக்கமாக இருந்தது. நாற்பது முயல்கள் அதற்குள் அடங்காது என்று எனக்கு உடனே தெரிந்தது. கிர்ஸ்டனின் முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. வேலை போய்விட்டது, இனி வீடுதான் என்று நான் காற்சட்டைப் பைக்குள் வீட்டுத் திறப்பைத் தேடத் தொடங்கினேன். ஆனால் அவர் கேட்டது வேறு. “புல்லை எங்க கொட்டினீங்கள் எண்டு கேக்கிறா” என்றாய். நான் கொட்டில் மூலையில் இருந்த குப்பைமேட்டைக் காட்டினேன். அன்று முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை, என் சுட்டுவிரல்.

முயல் தின்றது என்றே விட்டிருந்தால் அந்தக் குஞ்சுகள் குப்பையோடு அவிந்து போயிருக்கும், கதை அத்தோடு முடிந்திருக்கும். நீ உண்மையைச் சொன்னதால்தான் அவை அந்த மேட்டுக்குள் இன்னும் உயிரோடு கிடக்கின்றன என்பது தெரிந்தது. கிர்ஸ்டன் கையுறையைக்கூடப் போடாமல் ஓடினார். நீ அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாய். அம்மா பேருந்தில் வந்து இறங்கினார், கையில் மா அரிக்கும் அரிதட்டு, அக்குளில் சுளகு. பேருந்தில் இருந்தவர்கள் அதை என்ன வாத்தியம் என்று நினைத்தார்களோ தெரியாது. குப்பையை அரித்து, சுளகில் போட்டு, அரிசியில் கல் பார்ப்பது போல அம்மா புடைத்தெடுத்தார். மண்ணும் சருகும் பறக்க, நெல்லளவுக் கிழங்குகள் சுளகின் அடியில் தங்கின. கிர்ஸ்டன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் அவரிடமிருந்து புறப்பட்டது அந்தச் சுளகின் காற்றில்தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். இரண்டு பின்னேரம் நான்கு பேரும் மேட்டைச் சல்லடை போட்டோம். பாதிக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. உன் பரீட்சைக்கு இரண்டு நாள்தான் இருந்தது என்பதை நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் நாள் முடிவில் கிர்ஸ்டன் உன்னிடம் ஏதோ சொன்னார். “நாளைக்கு வழமை போல ஏழரைக்கு வரட்டாம்” என்றாய். பதின்மூன்றாவது கிழமை நிரந்தர வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சுளகை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் வித்துத் துப்புரவு செய்வது அதில்தான். இந்தக் குளிர் தேசம் என் குடும்பத்துக்குத் தந்த எல்லாவற்றுக்கும் நான் அந்தப் பண்ணை வாசலில் வைத்துத்தான் நன்றி சொல்வேன். வீட்டுக் கடனும் உன் படிப்பும் அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த விடுமுறையும் அந்த வாசலால் வந்தவை. ஆனால் வாசலைத் திறந்தவனுக்கு நான் நன்றி சொன்னேனா?

என்ன செய்தேன் என்று சபையோர் கேட்கட்டும். உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். ஒரே மேசையில் இருந்துகொண்டு, “அவனிட்டச் சொல்லு, உப்பை இஞ்சால தள்ளச் சொல்லி” என்று அம்மாவை மொழிபெயர்ப்பாளர் ஆக்கினேன். அம்மா மூன்றாம் நாளே வேலையை விட்டுவிட்டு, உப்பை எனக்கும் உனக்கும் எட்டாத தூரத்தில் வைத்தார். தகப்பனை ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் காட்டிக்கொடுத்தவன் என்று உன்னை நினைத்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்குப் பதிலாக நின்றாய் என்று விளங்க ஆறு வருடம் வேண்டியிருந்தது. நான் வித்திலும் மெதுவானவன்.

அதற்கிடையில் ஒரு பிறந்தநாள் விழாவில், நிரந்தர வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். முதல் முறை சொன்னபோது நான் சும்மா, “நானே பிழையை ஒத்துக்கொண்டன்” என்று மட்டும்தான் சொன்னேன். சபை தலையாட்டியது. அந்தத் தலையாட்டல் இருக்கிறதே, அது பொல்லாத பசளை, கதை அதில்தான் வளர்ந்தது. அடுத்த விழாவில் நான் நெஞ்சில் கைவைத்து, குற்றம் என்னுடையது, தண்டனை தாருங்கள் என்றேன். அதற்கடுத்ததில் கிர்ஸ்டன் அழுதார். நான்காவதில் நகரபிதா வந்தார். முதல் விழாவில் நீ தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றாய். கேட்டாய். ஒன்றும் சொல்லாமல் மேசையைத் துடைத்தாய். பன்னிரண்டு வருடம் அந்த மேசையைத் துடைத்துக்கொண்டேயிருந்தாய். போன வருடம் எஸ்பியர்க் நகரில் பெண் வீட்டில், சம்பந்தியாருக்கும் அதே கதையை எடுத்துவிட்டேன். ஜெனிற்றா உன்னிடம் திரும்பி, உண்மையா என்று கேட்டாள். “அப்பா சொன்னாச் சரிதான்” என்றாய். அந்த மூன்று சொல் என் காதில் விழுந்தது. அன்று முதல் கதையை ரசித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

புத்திமதி சொல்லாத தகப்பன் கடிதம் செல்லுபடியாகாது என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜெனிற்றாவிடம் இப்படி மேசை துடைக்காதே. அவள் எங்காவது கூட்டிச் சொன்னால், அல்லது உன்னுடைய இடத்தில் ஏறி இருந்தால், வீட்டுக்கு வந்து சொல். அவளையும் அப்படியே சொல்ல விடு. உன் பொறுமையை நான் பன்னிரண்டு வருடம் தின்று கொழுத்தேன், அது எனக்கும் நல்லதாக இருக்கவில்லை. அதோடு, அவளுடைய எந்தப் பழக்கத்தையும் முதல் ஐந்து வருடத்துக்குப் புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதே. இதில் எனக்கு அனுபவம் உண்டு. அம்மா பின்னால் நின்று, ஓம், எழுதுங்கோ என்கிறார்.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும். சம்பந்தியாரும் ஜெனிற்றாவும் பண்ணை பார்க்க வந்தார்கள். அந்தப் பாத்தி முழுவதும் மஞ்சள் நட்சத்திரம். நாங்கள் குப்பையிலிருந்து பொறுக்கியவையும், அவற்றின் பிள்ளைகளும். சம்பந்தியார் மன்னாரில் பிறந்து எஸ்பியர்க் மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றவர். கதை குறைவு, கண் கூர்மை. தொலைபேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். “அண்ணை, இதில நிண்டு அந்தக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. கனடாவில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அனுப்ப வேணும், மாப்பிள்ளையின்ர தகப்பன் எப்படிப்பட்ட ஆள் எண்டு” என்றார்.

இப்படி ஒரு மேடை எனக்கு இனிக் கிடைக்காது. பின்னால் பூப்பாத்தி, முன்னால் கமரா, கேட்பதற்குக் கனடா முழுவதும். நெஞ்சில் கைவைத்தேன். அங்கேயே கை நின்றுவிட்டது. பிறகு சொன்னேன். பிடுங்கியது, முயல், நாற்பது, நீ சொல்லமாட்டன் என்றது, உப்பு, நகரபிதா, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. சம்பந்தியார் பாதியிலேயே தொலைபேசியை இறக்கிவிட்டார். ஜெனிற்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் பெண்ணின் தகப்பனிடம் நான் பன்னிரண்டு வருடப் பொய்யன் என்று சொல்லிவிட்டு நிற்கிறேன். அவர் பாத்தியைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்.

“அப்ப பெடியன் தங்கம்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்களை நாங்கள் மெல்ல மெல்லச் சமாளிப்பம், அண்ணை” என்றார்.

இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. ஜெனிற்றாவிடம் கேள்.

அவர்கள் போன பிறகு, என்ன நடந்தது என்று கிர்ஸ்டன் கேட்டார். சொன்னேன். இப்போது என்னுடைய டெனிஷ் நொண்டி என்றாலும் நடக்கும். உண்மை மட்டும் எழுதப்போகிறேன், அன்று என் மகன் சரியாக என்ன சொன்னான் என்று அவரிடம் கேட்டேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நீ மூன்று வசனம் சொன்னாயாம். அப்பாதான் பிடுங்கினார், புல் என்று நினைத்துவிட்டார். முயல் என்று சொன்னது இந்த வேலை போய்விடும் என்ற பயத்தில். அவர் கெட்டிக்காரன், எது புல், எது செடி என்று ஒருமுறை காட்டினால் போதும், இனி ஒருநாளும் பிழைவிடமாட்டார்.

முதல் இரண்டும் உண்மை, ராசா. மூன்றாவது அப்பட்டமான புளுகு. அடுத்த வருட வைகாசியிலும் நான் ஒரு தட்டுக் குஞ்சுகளைப் புல் என்று பிடுங்கினேன். அதற்கடுத்த வருடம் அரைத்தட்டு. கிர்ஸ்டன் ஒவ்வொரு முறையும் சுளகை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். உன் வாழ்நாளில் நீ சொன்ன ஒரே புளுகு என்னைப் பற்றியது. நான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது. போன இரண்டு வைகாசியாகத்தான் நான் ஒன்றையும் பிழையாகப் பிடுங்கவில்லை. நீ சொன்னது உண்மையாகிவிட்டது என்று உனக்கு அறிவிக்கவே இவ்வளவும் எழுதினேன்.

நன்றியுடன்,
அப்பா